ஆள் கேட்டவளுக்குப் போத்தல்கள்

கண்டிக்குப் பக்கத்து மடவளையில் எங்கள் குறுகிய மேட்டு ஒழுங்கையில் கால் ஓரிடத்தில் நிற்காத ஒருத்தி இருக்கிறாள். பெயர் பஸ்லினா. அவள் கால் நிற்காததற்குக் காரணம் மகள் ஷஹ்மா. பிள்ளைக்கு ஒன்பது வயது, பேச்சில்லை. பேச்சுக்குப் போக வேண்டிய பலமெல்லாம் வழி தவறிக் கால்களில் இறங்கிவிட்டது போலும். அவள் ஒரு நாளில் வீட்டுக்குள் நடக்கும் நடையை இழுத்து நேராக்கினால் அது குருநாகலைத் தாண்டிப் போய்விடும். பின்னாலேயே உம்மாவும் போவாள், ஒரு கையில் துடைக்கத் துவாயும் மறு கையில் படம் ஒட்டிய மட்டைகளுமாக.

நான் அவர்களுக்குக் கீழ்வீட்டுக்காரி. மேட்டுச் சரிவில் என் கூரை மட்டத்தில் அவர்கள் வாசல். மேலே ஒரு கரண்டி விழுந்தாலும் எனக்குத் தெரியும். என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது இவ்வூர் வழக்கம். இதிலும் வேண்டுமானால் நடையைக் கழியுங்கள், இனி வரப்போகிற தண்ணீரைக் கழியுங்கள். பிள்ளையையும் தாயையும் மட்டும் கழிக்காதீர்கள்.

பஸ்லினா கலகெதரக்காரி. வாப்பா ஜமால்தீன் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேறு எடுத்தாள். வங்கி வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த கிழமையில்தான் பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த அஸ்ஃபரின் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். விண்ணப்பம் அலுமாரியில் போயிற்று, அவள் மடவளைக்கு வந்தாள்.

ஷஹ்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமலில்லை. ஒரு தவணை போனாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும். ஷஹ்மா எழுந்து சன்னலோரம் நடப்பாள். நாற்பதும் அவள் பின்னால் ஊர்வலம் போகும். ஆசிரியை நல்ல மனுஷிதான். கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று மெதுவாகத்தான் சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடமாக நீண்டுவிட்டது. சாப்பாட்டு மேசை வகுப்பறையானது, பஸ்லினா அதிபரானாள், ஆசிரியையானாள், கேட்டைப் பூட்டும் காவல்காரனும் ஆனாள்.

மாதம் ஒருமுறை பிள்ளையைக் கண்டிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவாள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் உயிர் என்று கண்டுபிடித்து அவர்தான் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒரு போத்தல், சிவப்புக் கப் ஒன்று, பச்சைக் கப் ஒன்று. கப்பில் கோடு இருக்கும். கோடு வரைக்கும் ஊற்றி நிறுத்த வேண்டும். எதிரில் இருப்பவர் நீட்டும் கையில் அதைக் கொடுக்க வேண்டும். பிறகு அவர் ஊற்றி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். கேட்டால் சின்ன விளையாட்டு. ஆனால் பொறுத்திருக்கத் தெரிந்த பிள்ளைக்கு மற்றதெல்லாம் படிப்பிக்கலாமாம்.

பஸ்லினா மாதக்கணக்கில் மாரடித்து அதைப் படிப்பித்தாள். வீடு நனைந்தது, மெத்தை நனைந்தது, ஒருமுறை என் கூரை ஓட்டு வழியாக என் குர்ஆன் பலகை வரைக்கும் நனைந்தது. கடைசியில் பிள்ளை கோட்டில் நிறுத்தினாள், கொடுத்தாள், பொறுத்திருந்தாள். மிஸ்ஸுக்குக் காட்ட வேண்டுமென்று பஸ்லினா பெருநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்டிக்குப் போனாள். மிஸ் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினார். ஷஹ்மா கப்பைச் சுவரில் அடித்துவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

மிஸ் கோபிக்கவில்லை. நிலத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இது உங்களோட மட்டும் செய்யிறா, பஸ்லினா. ஆக்கள் மாறினாலும் செய்யவேணும், அப்பதான் படிச்சது எண்டு சொல்லலாம். வேற ஆக்களையும் இருத்தி எடுங்கோ. ஒராள் எண்டாலும் போதும்."

அந்த ஓராளுக்கு எங்கே போவது? அஸ்ஃபர் விடிய பஸ் ஏறினால் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வீடு. வெள்ளிக்கிழமைகளில் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தான். கடைக்காரன் அல்லவா, பிள்ளை ஊற்ற முந்தி இவன் ஊற்றிவிடுவான்.

அஸ்ஃபரின் கூடப்பிறந்த ராத்தா றம்லத் அதே வீட்டின் மேல்மாடியில் இருக்கிறாள். விதவை. மக்கள் இருவரும் கட்டாரில். அவளுடைய குரல் எப்படியென்றால், அவள் மடவளையில் நின்று கோழிக்காரனைக் கூப்பிட்டால் கட்டுகஸ்தோட்டையில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பகல் அவள் கீழே இறங்கி வந்தபோது பஸ்லினா அடுப்படியில் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பால் கருகிச் சட்டி புகைந்தது. ஷஹ்மா மதில் மேல் ஏறி ஒழுங்கைப் பக்கம் காலைத் தொங்கப் போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து றம்லத் சும்மா இருக்கவில்லை. இப்படியான பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் விடுதி ஒன்று குருநாகல் பக்கம் இருப்பதாக விசாரித்தறிந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி ஓரிடம் காலியாகுமாம். தம்பியிடம் சொன்னாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான், மாட்டேன் என்று சொல்லவில்லை. பிறகு பஸ்லினாவிடமும் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"நான் புள்ளய வெறுத்தா செல்றேன்? நீ நாளைக்கு மௌத்தாப் போனா அவ யார்ட கையால ஒரு வாய் திம்பா? உன்ன விட்டா இன்னொரு ஆளக் காட்டு. ஒரே ஒரு ஆள். காட்டினா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மிஸ் சொன்னதையே மதினியும் சொன்னதுதான் பஸ்லினாவுக்குத் தாங்க முடியாமலிருந்தது. விரோதி சொன்னால் மறுக்கலாம். இரண்டு பேர் இரண்டு திசையில் நின்று ஒன்றையே சொன்னால் எங்கே ஓடுவது?

ஓடத்தான் செய்தாள். கலகெதரைக்கு உம்மாவிடம் போனாள். உம்மாவுக்கு முழங்கால் நோவு. தங்கச்சிக்குக் கைக்குழந்தை. கண்டிப் பக்கத்தில் இப்படியான பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரின் வாட்ஸ்அப் குழு ஒன்று கிடைத்தது. கம்பளையில் ஒருத்தி, மாத்தளையில் ஒருத்தி, பேராதனையில் இருந்து அஞ்சலா என்றொருத்தி. எல்லோரும் நல்லவர்கள். எந்தத் துணியை எப்படிக் கட்டினால் பிள்ளை கிழிக்காது, எந்தச் சத்தத்துக்கு எப்படிக் காதைப் பொத்துவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டுதான் பேசினாள். ஒருத்தியின் பிள்ளைக்கு எதிரில் இன்னொருத்தி வந்து உட்கார வழியில்லை.

அதன் பிறகு வெட்கத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஒழுங்கையில் வீடு வீடாகப் போனாள். கிழமைக்கு ஒரு நாள், அரை மணித்தியாலம், எங்கட புள்ளக்கு முன்னால கொஞ்சம் வந்து இருப்பீங்களா என்று கேட்டாள்.

எங்கள் ஊர் கல் நெஞ்சக்கார ஊரல்ல. கேட்ட எல்லோருக்கும் கண் கலங்கியது. அடுத்த நாளே உதவி வரத் தொடங்கியது. எப்படி வந்தது? போத்தலில் வந்தது. குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீர். ஒருவர் தம் மச்சானுக்குத் தெரிந்த லெப்பையிடம் ஓதுவித்தார், இன்னொருவர் அக்குறணையிலிருந்து எடுப்பித்தார், மூன்றாமவர் மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் கலந்தது என்றார். கேட்டுக்கு மேலால் கையை நீட்டிப் போத்தலைக் கொடுப்பார்கள். மூன்று மிடறு குடிக்கக் கொடு, முகத்தில் தடவு, அல்லாஹ் லேசாக்குவான் என்பார்கள். போய்விடுவார்கள். ஒருவரும் கேட்டுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. அந்தத் தண்ணீரையெல்லாம் ஒன்றாகக் கொட்டியிருந்தால் கண்டி வாவி ஓரங்குலம் உயர்ந்திருக்கும். நான் அளந்து பார்க்கவில்லை, உயர்ந்திருக்கும்.

ஓதிய தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றவும் கூடாது. அடுப்படி மேடை நிறையப் போத்தல்கள். ஷஹ்மா அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

அசீமா வந்த அன்றுதான் பஸ்லினாவுக்குள் ஷைத்தான் புகுந்தானோ மலக்கு இறங்கினதோ, எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. அசீமா மூன்றாம் வீட்டுத் தையல்காரி. கை நிறைய வேலை, வாய் நிறைய ஊசி. அவளும் கேட்டுக்கு மேலால் ஒரு போத்தலை நீட்டினாள். பஸ்லினா வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, மிக மரியாதையாகச் சொன்னாள்:

"ராத்தா, இத நான் குடுத்தாப் பலிக்காதாம். கொண்டு வந்த கையாலதான் குடுக்கணுமாம். புள்ளக்கு முன்னால இருந்து, கப்புல கொஞ்சங் கொஞ்சமா, அவ ஊத்த நீங்க, நீங்க ஊத்த அவ. போத்தல் முடியுங்காட்டியும் எழும்பக் கூடாதாம்."

யார் சொன்னது என்று அசீமா கேட்கவில்லை. மார்க்க விஷயத்தில் யார் சொன்னது என்று கேட்பதே ஈமான் குறைவு என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஒழுங்கையில் நிறையப் பேர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

முதல் நாள் ஷஹ்மா அவளுடைய அபாயாவில் ஒரு போத்தலை முழுதாகக் கவிழ்த்தாள். அசீமா எழும்பப் பார்த்தாள். ஆனால் போத்தல் அப்படி முடிந்தது கணக்கில் சேராது என்று பஸ்லினா இன்னொரு போத்தலைத் திறந்து கொடுத்தாள். நனைந்த தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நாலைந்து நாளில் பிள்ளை அவளுடைய கையில் கப்பை வைத்தாள். அந்தச் செய்தி ஒழுங்கையில் என்னென்ன வடிவமெடுத்தது தெரியுமா? பிள்ளை பேசிவிட்டது என்றார்கள். ஸலாம் சொன்னது என்றார்கள். வத்தேகமத்தில் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதியதாகவே இருந்தது.

அதன் பின் போத்தல்கள் கால் முளைத்து நடந்து வந்தன. ஒவ்வொரு போத்தலுக்குப் பின்னாலும் ஒரு பெண். பஸ்லினா அசரவில்லை. இன்றைக்குச் சிவப்புக் கப்பாலதான் குடுக்கணும், அவ பச்சையைத் தந்தா வாங்கக் கூடாது என்பாள். இன்றைக்கு நீங்க நெடுக நேரம் எடுத்து ஊத்தணும் என்பாள். கிளினிக் மிஸ் சொல்லிக் கொடுத்த பாடமெல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரின் நிபந்தனையாயிற்று. நானும் போய் உட்கார்ந்தேன். பிள்ளை என் விரல்களைப் பிரித்து அதற்குள் கப்பைச் சொருகிய விதத்தில் எனக்கே சந்தேகம் வந்தது, யாருக்கு யார் படிப்பிக்கிறது என்று.

ஆனாலும் பஸ்லினா ஒரு நாளும் நிம்மதியாக இருக்கவில்லை. பெண்கள் உள்ளே இருக்கும்போது அவள் கேட்டுக்கும் அடுப்படிக்குமாக அலைவாள். ராத்திரியில் அவளுடைய காலடிச் சத்தம் கேட்கும். பிள்ளையினுடையதல்ல, தாயினுடையது. மார்க்கத்தில் இல்லாததை இருப்பதாகச் சொன்னவளுக்கு எப்படித் தூக்கம் வரும்? ஹஜ்ஜுப் பெருநாளும் கிட்டி வந்தது.

றம்லத் மட்டும் ஒரு நாளும் போத்தலோடு வரவில்லை. மேல்மாடிப் படியில் நின்று இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைகளில் அவள் போகும் பெண்கள் குர்ஆன் வகுப்பில் ஓதிக் கொடுக்கும் ஆலிமாவிடம் கேட்டாள். அப்படியொரு நிபந்தனை எங்கேயும் கிடையாது என்றார் ஆலிமா. றம்லத் நேராக வந்தாள். அசீமாவும் இன்னும் நாலு பேரும் கூடத்தில் இருந்தார்கள். கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள்.

பஸ்லினா மறைக்கவில்லை.

"ஓ, பொய்தான் மதினி. நான் கட்டினது."

"அல்லாஹ்ட விஷயத்துலயா பொய் கட்டுவ?" அசீமா எழும்பிவிட்டாள். "என்ட தையல எல்லாம் போட்டுட்டு வந்தேனே."

"நான் ஆள் கேட்டேன் ராத்தா. நீங்க எல்லாரும் போத்தல் தந்தீங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஒருத்தி தஸ்பீஹ் மணியைப் பைக்குள் போட்டாள். ஒருத்தி தன் போத்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். செருப்புகள் ஒவ்வொன்றாக வாசலை விட்டுப் போயின. நான் கடைசியாகப் போனேன். போகும்போது என்ன சொல்வதென்று தெரியாமல், தேத்தண்ணீர் குடி என்றேன்.

அந்தக் கிழமை ஒருவரும் வரவில்லை. எனக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை என்று மகன் கூட்டிப் போய்விட்டான், நானும் போகவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வழக்கமான நேரத்தில் ஷஹ்மா கேட்டடியில் போய் நிற்பாளாம். பிறகு நடப்பாளாம். சுவரில் தலையை முட்டத் தொடங்கினாளாம். அஸ்ஃபர் ஒரு சனிக்கிழமை கடையைப் பூட்டினான். வேன் ஒன்று வாடகைக்குப் பேசினான். விடுதியைப் பார்த்துவிட்டு வருவோம், பார்ப்பதால் ஒன்றும் ஆகாது என்றான். பார்க்கப் போவதற்கு ஏன் பிள்ளையின் உடுப்புப் பையும் போகிறது என்று பஸ்லினா கேட்கவில்லை. உடுப்புகளை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

அவள் அறைக்குள் நின்றபோதுதான் அது நடந்தது. நான் அதற்குள் ஊர் திரும்பிக் கேட்டடியில் நின்றிருந்தேன், கண்ணால் கண்டேன்.

றம்லத் கூடத்துக்கு வந்து, நடந்துகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினாள். வா புள்ள, வேன் வந்திட்டு என்றாள். ஷஹ்மா நின்றாள். நீட்டிய கையைப் பார்த்தாள். இரண்டு மாதமாக இந்த வீட்டில் கையை நீட்டியவர்களெல்லாம் எதற்கு நீட்டினார்கள்? அடுப்படிக்குப் போய்ப் போத்தலையும் இரண்டு கப்பையும் கொண்டு வந்தாள். நிலத்தில் உட்கார்ந்து, பச்சைக் கப்பில் கோடு வரைக்கும் ஊற்றினாள். எழுந்து அதை றம்லத்தின் கையில் வைத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பொறுத்திருந்தாள்.

றம்லத் இந்த வேலையை ஒரு நாளும் செய்ததில்லை. கப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பஸ்லினா அறை வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு சின்னச் சட்டை. சொல்லிக் கொடுக்க வாயெடுத்து மூடிக்கொண்டாள். வெளியே வேன்காரன் ஹோன் அடித்தான். பிள்ளை காதைப் பொத்தினாள், ஆனால் எழும்பவில்லை.

றம்லத் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் உட்கார்ந்தாள். போத்தலை எடுத்துச் சிவப்புக் கப்பில் ஊற்றினாள். கோட்டைத் தாண்டி ஊற்றிக்கொண்டே போனாள். ஷஹ்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் போத்தலை நிமிர்த்தினாள். அதிகப்பட்ட தண்ணீரைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றி, கப்பைக் கோட்டுக்குக் கொண்டு வந்து, மறுபடியும் அவளிடம் கொடுத்தாள். றம்லத் என் பக்கம் திரும்பினாள். அவளுடைய அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ தெரியாது.

"இவ எனக்குச் செல்லித் தாரா" என்றாள்.

வேன் மறுபடியும் ஹோன் அடித்தது. குரல் திரும்பி வந்துவிட்டது.

"ஹோன் அடிக்காத. இங்க தண்ணி சிந்துது."

அந்தப் போத்தல் முடியப் பின்னேரத்து அஸர் பாங்கும் சொல்லியாயிற்று. வேன்காரன் என் வீட்டில் இரண்டு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். றம்லத் எழும்ப முடியாமல் அஸ்ஃபர் தூக்கிவிட வேண்டியிருந்தது. தான் சொன்னது பிழை என்று அவள் சொல்லவில்லை, அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை. மாடிக்குப் போய் விடுதிக்குப் போன் எடுத்து, அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கும்படி, கோழிக்காரனுக்குச் சொல்லுகிற அதே தோரணையில் சொன்னாள். பிறகு படியிலிருந்து எட்டிப் பார்த்துப் பஸ்லினாவுக்கு உத்தரவு போட்டாள்:

"திங்கக்கெழம லுஹருக்குப் பொறகு நான் வாறேன். நீ எங்கயாவது போ. நீ நிண்டா அவ உன்னயே பாக்குறா."

அசீமாவின் கோபம் ஆறவில்லை. புதன்கிழமை வந்தாள், ஆனால் போத்தல் இல்லாமல், பிள்ளை விளையாட ஒரு டப்பா நிறையப் பழைய பொத்தான்களோடு. உன்ட பொய்ய நான் மன்னிக்க இல்ல, புள்ளக்கு வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். மற்றவர்களில் இரண்டு பேர் வருகிறார்கள், மற்றவர்கள் பெருநாளில் ஸலாம் மட்டும் சொன்னார்கள். தண்ணீரின் நிபந்தனைக்காக வந்தவர்கள் நிபந்தனை இல்லையென்றதும் நின்றதில் என்ன ஆச்சரியம்?

முதல் திங்கட்கிழமை பஸ்லினா வெளியே போனாள். பிள்ளை இல்லாமல் அவள் ஒழுங்கையில் இறங்கியதைப் பார்த்தபோது, ஏதோ ஒரு கையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவள் போலிருந்தாள். பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனாளாம். கடைக்குள் ஏறினாளாம், என்ன வாங்குவதென்று தெரியவில்லையாம். ரோட்டைக் கடக்கும்போது இடது கை தானாகப் பக்கத்தில் பிள்ளையின் மணிக்கட்டைத் தேடியதாம். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

மேலே போக விடாமல் என் வீட்டுக்குள் இழுத்துப் போட்டேன். தேத்தண்ணீர் வைத்தேன், ஆறிப் போயிற்று. அவளுடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேலே றம்லத்தின் குரல் கேட்டது. கட்டாரில் இருக்கும் மக்கள் போன் எடுப்பதில்லையென்று பிள்ளையிடம் முறைப்பாடு வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை எப்படியும் குறுக்கே பேசாது. திடீரென்று குரல் நின்றது. பஸ்லினா எழுந்தாள்.

"இரி" என்றேன்.

இருந்தாள். மறுபடியும் எழுந்தாள். மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது, நின்றது. பிறகு றம்லத்தின் பக்கத்திலிருந்து ஊற்றும் சத்தம் வந்தது, கொஞ்சம் அதிகமாக.